சரிவில் மரக்கன்று நட இயந்திரக் கருவிகள்

(பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூரில் உழவர்களும் மீனவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரிவான நிலத்தில் மரக்கன்று நடுவதற்குரிய இயந்திரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காட்டூரில் மலை ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சரிவு என்பது நீலகிரிக்கும் கொல்லிமலைக்கும் மட்டும் சொந்தமன்று. உங்கள் வாய்க்கால் கரை சரிவுதான். பக்கிங்காம் கால்வாயை வெட்டியபோது இருபுறமும் கொட்டிய மண்மேடு சரிவுதான். கடலோரத்து மணல்மேடும் சரிவுதான். மலைச் சரிவு மைல் கணக்கில் ஏறும். உங்கள் சரிவு பத்தடி, பதினைந்தடியில் முடிந்துவிடும். ஆனால் ஒரு டிராக்டர் கவிழ்வதற்குப் பத்தடி தாராளமாகப் போதும்.

மரம் நடும் வேலையில் ஆளையும் காசையும் அதிகம் விழுங்குவது குழி தோண்டுவதுதான். கன்றைக் குழியில் வைத்து மண் தள்ளி மிதிக்க ஒரு நிமிடம் ஆகும். கோடையில் இறுகிய களியில் ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டக் கடப்பாரையோடு எவ்வளவு நேரம் போராட வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இயந்திரம் என்றால் இன்றைக்கு நம் நாட்டில் பெரும்பாலும் குழி போடும் இயந்திரம் என்றுதான் பொருள். கன்றைத் தானே எடுத்துத் தானே நடும் இயந்திரங்களும் உலகில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. உள்ள சதுரக் குழி ஒன்றிலிருந்து வெளியே வரும் மண் சுமார் 91 லிட்டர். 30 செ.மீ. குறுக்களவுள்ள திருகைக் கொண்டு அதே 45 செ.மீ. ஆழத்திற்கு வட்டக் குழி போட்டால் வரும் மண் சுமார் 32 லிட்டர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சமநிலத்தில் இது வேலைக் குறைவு என்ற அளவோடு நின்றுவிடும். சரிவில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தோண்டிக் கிளறிய மண் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு போகும் மண்ணும் குறையும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். டிராக்டரின் பின்புறம் பொருத்தி, பி.டி.ஓ. தண்டால் சுழலும் பெரிய திருகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தென்னை நடவும், வேலிக்கால் ஊன்றவும் பயன்படுகிறது. சமநிலத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் சரிவில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் இவ்வளவு எடையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது முன்சக்கரங்கள் இலேசாகி, வண்டி திருப்பியபடி திரும்பாமல் போகும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினாலோ, மேல்பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அல்லது கீழ்ப்பக்கத்துச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், வண்டி உருண்டுவிடும். பத்தடி தூரத்தில் இரண்டடி ஏறும் நிலத்துக்கு மேல் சக்கர டிராக்டரைக் குறுக்கே ஓட்டவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைகளின் பக்கவாட்டுச் சரிவு பெரும்பாலும் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் செங்குத்தானது. இன்னொன்று, பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அதன்மேல் உள்ள மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் பலர். வேட்டி நுனியோ, தோளில் போட்ட துண்டோ, சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் கையால் பிடுங்க நேரமிருக்காது. மூடியில்லாத தண்டுள்ள வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது, நாம் எல்லோரும் ஜே.சி.பி. என்று சொல்லும் மண்வாரி இயந்திரம். இதன் கையில் வாளியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் சுழலும் திருகைப் பொருத்தலாம். இதிலுள்ள நன்மை என்னவென்றால், வண்டி கரைக்குக் கீழே சமதரையில் கால் ஊன்றி நிற்கும். கை மட்டும் சரிவில் மேலே எட்டும். வண்டியின் எடை சரிவின்மேல் ஏறுவதில்லை. சரிவு நிலத்துக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்க நான் பார்க்கும் முதல் விதியே இதுதான்: இயந்திரத்தின் கால் சமத்தில் நிற்க வேண்டும், கைதான் சரிவில் வேலை செய்ய வேண்டும். கால் வைக்கச் சமதரை இல்லையென்றால், மனிதன் தூக்கிச் செல்லக்கூடிய இயந்திரத்துக்குப் போக வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை.

வெளிநாடுகளிலும் இதே விதியைத்தான் காண்கிறோம். சுவீடன், பின்லாந்து நாடுகளில் வெட்டிய காட்டைத் திரும்ப நடுவதற்கு, மண்வாரி இயந்திரத்தின் கை நுனியில் நடவுத் தலை ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, அழுத்தி, கன்றை ஊன்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் அது நடுவது ஏறத்தாழ 150 முதல் 200 கன்றுகள்தாம். பழகிய ஆள் கையால் அதைவிடக் குறைவாக நடுவதில்லை. அதனால் அந்தப் பணக்கார நாடுகளிலேயே மொத்த நடவில் மிகச் சிறு பங்குதான் இயந்திரத்தால் நடக்கிறது. நியூசிலாந்தில் செங்குத்தான மலைகளில் மரம் வெட்டும் இயந்திரங்களை மேலே எஃகு வடத்தால் கட்டிப் பிடித்துக்கொண்டு இறக்குகிறார்கள். அங்கும் நடுகிறவர் கையில் இருப்பது மண்வெட்டியும் கன்றுப் பையும்தான். ஜப்பானில் கன்றுக் கட்டுகளை மலைமேல் தூக்கிச் செல்ல ஆளில்லா பறக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்; அதுவும் சுமப்பதற்குத்தான், நடுவதற்கு அன்று. இதை நான் சொல்வதன் காரணம், நம்மிடம் இயந்திரம் இல்லையே என்று யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக.

நமக்கு உகந்தது கையில் பிடித்து இயக்கும் குழி போடும் இயந்திரம். ஆகர் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். 52 அல்லது 63 சி.சி. அளவுள்ள சிறிய பெட்ரோல் எஞ்சின். திருகு இல்லாமல் சுமார் பத்துக் கிலோ எடை இருக்கும். 4 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை பல அளவுகளில் திருகு கிடைக்கும். கரைமேல் ஒருவர் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போகலாம். 8 அங்குலத்துக்கு மேற்பட்ட திருகைப் போட்டால், ஒருவர் பிடிப்பதைவிட இருவர் பிடிக்கும் கைப்பிடி உள்ளதே நல்லது.

இதைச் சரிவில் இயக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சரிவில் நேராகத் திருகை வைத்து அழுத்தினால் அது கீழ்நோக்கி நழுவும். ஆகவே முதலில் மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குச் சிறு படி வெட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சமதளத்தில் திருகை நட்டமாக, தூக்குக் குண்டு தொங்குவதுபோல் நிறுத்த வேண்டும். சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் பிடிக்கக் கூடாது. இருவர் பிடித்தால் இருவரும் ஒரே மட்டத்தில், படியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்க வேண்டும்; ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நிற்கக் கூடாது. கீழே நிற்பவர் மேல்தான் இயந்திரம் விழும். காலை அகற்றி ஊன்றுங்கள். ஒரே மூச்சில் அடிவரை இறக்காதீர்கள். அரை அடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதறி, மீண்டும் இறக்குங்கள். திருகு வேரிலோ கல்லிலோ மாட்டினால், திருகு நின்றுபோய் எஞ்சின் உங்களைச் சுற்றப் பார்க்கும். மணிக்கட்டு உடைவது அப்போதுதான். மாட்டிய உடனே விசையை விட்டு, எஞ்சினை நிறுத்தி, திருகைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றி எடுங்கள். ஓடும்போது இழுத்துப் பார்க்க வேண்டாம். செருப்புக் காலோடும், மடித்துக் கட்டாத வேட்டியோடும் இந்த வேலைக்கு நிற்கக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

குழியிலிருந்து வந்த மண்ணைக் கீழ்ப்பக்கமாகப் பிறைநிலா வடிவில் அணைத்துச் சிறு வரப்பு கட்டுங்கள். பிறையின் திறந்த வாய் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். மேலிருந்து வழியும் மழைநீர் அதில் தங்கிக் கன்றுக்குச் சேரும். குழிகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வரக் கூடாது. வந்தால் அந்தக் கோடே மழையில் ஓடையாகிவிடும். ஒரு வரிசைக் குழிக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் இடைவெளி வரட்டும்.

இப்போது இந்த இயந்திரத்தின் பெரிய குறைக்கு வருகிறேன். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். கண்காட்சிகளில் பதமான செம்மண்ணில் குழி போட்டுக் காட்டுவார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். உங்கள் ஏரிப் பாசன நிலத்துக் களிமண்ணில், அதுவும் ஈரம் மிகுந்த நேரத்தில் இறக்கிப் பாருங்கள். திருகின் விளிம்பு குழியின் சுவரைப் பூசி மெழுகிவிடும். குயவர் சக்கரத்தில் வனைந்த பானையின் உட்புறம்போல் வழவழப்பாக இருக்கும். அதில் நட்ட கன்றின் வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் பானைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளரும். இரண்டு ஆண்டு மரம் செழிப்பாகத்தான் தெரியும். காற்று வரும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் எத்தனை ஆயிரம் மரங்கள் சாய்ந்தன! எல்லா மரமும் வேர்க் கோளாறால்தான் விழுந்தன என்று சொல்ல மாட்டேன். அந்தக் காற்றில் நல்ல மரமும் விழும். ஆனால் வேர் பரவ இடமில்லாமல் நின்ற மரம் முதலில் விழும் என்பதில் ஐயமில்லை. வீட்டுக்கும் படகுக்கும் காற்றுத் தடுப்பாக நாம் நடும் மரம், புயலன்று கூரைமேல் சாய்வதற்காக வளர்ந்துகொண்டிருக்கக் கூடாது அல்லவா? இந்தக் கரையோரத்தில் மரம் நடுவதன் நோக்கமே அதுதானே.

இதற்குப் பரிகாரம் எளிது. களி நிலத்தில் குழி போட்டவுடன் கடப்பாரையால் சுவரில் நான்கு பக்கமும், அடியிலும் குத்திக் கீறிவிடுங்கள். ஒரு குழிக்கு அரை நிமிட வேலை. திருகின் விளிம்பில் இரண்டு ஆணிப் பற்களைப் பற்றவைத்துக் கொண்டால் அதுவே சுவரைக் கீறிக்கொண்டு வரும்; உள்ளூர்ப் பட்டறையில் செய்துவிடலாம். இதைவிட முக்கியம், கையில் உருட்டினால் விரலில் ஒட்டும் அளவுக்கு மண் ஈரமாக இருக்கும்போது குழி போடாதிருப்பது. பாலிதீன் பையில் நெடுநாள் நின்று, அடியில் வேர் சுருண்டுபோன கன்றாக இருந்தால், சுருண்ட பாகத்தைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு நடுங்கள். குழி நன்றாக இருந்தும் பையிலேயே சுருண்ட வேர் பிற்காலத்தில் மரத்தைக் கவிழ்க்கும்.

மணல்மேட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே குழியின் சுவர் மெழுகாது, நிற்கவே நிற்காது. திருகைத் தூக்கியதும் உலர்ந்த மணல் சரிந்து குழியை மூடிவிடும். மழை பெய்து மணல் நனைந்த பிறகு, அல்லது தண்ணீர் ஊற்றிய பிறகு குழி போட்டு, உடனே நட வேண்டும். காலையில் குழி, மாலையில் நடவு என்ற பேச்சு மணலில் கிடையாது. சவுக்கு நடுவதற்கு எஞ்சினே வேண்டாம் என்பது என் கருத்து. பின்லாந்தில் 1970களில் வந்த ஒரு நடவுக் குழாய் இருக்கிறது. இடுப்பளவு உயரமுள்ள இரும்புக் குழாய். அடியில் பறவையின் அலகுபோல் இரண்டு தகடுகள். மண்ணில் குத்தி, மேலிருந்து கன்றைக் குழாய்க்குள் போட்டு, காலால் மிதியை அழுத்தினால் அலகு விரிந்து கன்று மண்ணில் இறங்கி நிற்கும். குனிய வேண்டியதில்லை. வேர்க்குழல் தட்டுகளில் வளர்த்த சிறு சவுக்குக் கன்றுக்கும் ஈர மணலுக்கும் இது நன்கு பொருந்தும். இதன் அமைப்பைப் பார்த்தால் நம் கொல்லரே செய்யக்கூடியதாகத்தான் தெரிகிறது.

மணல்மேட்டில் இன்னொரு எச்சரிக்கை. அங்கே படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று எண்ணி அகற்றாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். எந்தச் சக்கர வண்டியையும் மேட்டின்மேல் ஏற்றாமல், கொடிகளுக்கு இடையே கன்று வைக்கும் இடத்தை மட்டும் விலக்கிக் கொள்ளுங்கள். படகுக்கு மரம் தேவைப்படும் மீனவ நண்பர்கள் சவுக்கோடு நிறுத்திவிடாமல் உள்வரிசையில் புன்னையும் பூவரசும் வைக்கலாம். இவை பாலிதீன் பைக் கன்றுகளாக வருவதால் குழி சற்று அகலமாக வேண்டும். இங்கே 10 அல்லது 12 அங்குலத் திருகு உதவும்.

ஏரியின் சேற்று விளிம்பில் கண்டல் நடுவதற்கு இயந்திரம் உண்டா என்று ஒரு நண்பர் கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டார். முழங்கால் அளவு சேற்றில் எந்த எஞ்சினும் நம்மோடு சேர்ந்து புதையத்தான் செய்யும். 1990களில் பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, கெட்டுப்போன கண்டல் நிலத்தில் மீன் முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் வந்துபோகும்படி செய்தார்கள். அலைநீரோட்டம் சரியானால்தான் கண்டல் பிழைக்கும். விதையையும் கன்றையும் ஊன்றுவது கைவேலைதான். மேலும், பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அங்கே எதைச் செய்வதானாலும் வனத்துறையின் அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

அனுமதி என்றதும் ஏரிக்கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் பணி 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். கரை வெறுமையாகக் கிடக்கிறதே, மரம் வைத்தால் மண் பிடிக்குமே என்று தோன்றும். ஆனால் நீரைத் தாங்கி நிற்கும் மண்கரையின் உடம்பில் குழி போடக் கூடாது. மரத்தின் வேர் கரைக்குள் இறங்கி, ஒரு நாள் அது பட்டுப்போனால், வேர் மட்கிய இடம் குழாய்போல் ஆகிவிடும். ஏரி நிறைந்திருக்கும்போது அந்தத் துளை வழியாகக் கசியும் நீர், மண்ணை அரித்துக்கொண்டே போய்க் கரையை உடைக்கும். கரையின் சரிவுக்குப் புல்தான் சரி. மரத்தைக் கரையின் அடிவிளிம்புக்கு வெளியே, நீர்வளத் துறையினரைக் கேட்டு அவர்கள் காட்டும் தூரத்தில் வையுங்கள். இன்று சொன்ன குழி முறையெல்லாம் உங்கள் சொந்த மேடு, வாய்க்கால் ஓரம், மணல்மேடு ஆகியவற்றுக்குத்தான்.

செலவுக்கு வருவோம். ஓர் ஏக்கரில் 3 மீட்டர் இடைவெளியில் நட்டால் சுமார் 450 குழிகள். நடந்து போவது, படி வெட்டுவது, குழி போடுவது எல்லாம் சேர்த்துக் குழிக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். இரண்டு ஆள், இரண்டு நாள். இதோடு பெட்ரோலும் வாடகையும். இதே 450 குழிக்குக் கைவேலையாக எத்தனை ஆள் என்பதை உங்கள் ஊர் வழக்கப்படி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். ஆனால் ஆண்டில் இரண்டு நாள் வேலைக்காக ஒவ்வொருவரும் ஒரு இயந்திரம் வாங்கித் திண்ணையில் வைத்திருப்பது வீண். பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ்ச் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பல கருவிகளுக்குப் பாதி விலை வரை மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. பட்டியலும் வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். முன்பணம் கட்டிவிட்டு மானியம் கேட்க வேண்டாம். வாங்குமுன் உங்கள் நிலத்துக்கே கொண்டுவந்து குழி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இது இரட்டை வீச்சு எஞ்சின். பெட்ரோலில் இதற்கென உள்ள எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். 25க்கு 1 என்று கையேட்டில் போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. இரவல் வாங்கிப் போகிறவர் வெறும் பெட்ரோலை ஊற்றி எஞ்சினை இறுக்கி வைப்பதுதான் கூட்டு இயந்திரங்களுக்கு நேரும் வழக்கமான சாவு. கலவையை ஒருவரே செய்து கேனில் ஊற்றிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உப்புக் காற்றுள்ள ஊர் இது. வேலை முடிந்ததும் திருகைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.

கடைசியாகப் பனை. 2021-22ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவதாக அறிவித்தார்கள். விதையைக் கரையோரம் வீசிவிட்டுப் போவதால் பயனில்லை. பனை விதை முளைத்ததும் முதலில் கீழ்நோக்கித்தான் கிழங்கு விடும். இறுகிய தரையில் அது இறங்க முடியாமல் வளைந்துவிடும். 6 அங்குலத் திருகால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் துளைத்து, அதே மண்ணைப் பொலபொலப்பாகத் திரும்ப நிரப்பி, மேலே அரை அடி ஆழத்தில் விதையை வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தைப் பொறுக்கிக் குவித்து, சதை அழுகியபின் விதையை எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே ஊன்றிவிட வேண்டும். ஊன்றிய இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். முதல் ஓலை தலைகாட்டச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் இடம் மறந்து யாராவது மண்வெட்டியைப் போட்டுவிடுவார்கள்.